மாடியில் சோலார் இருக்கிறது, குழாயில் வெந்நீர் இல்லை: பெங்களூரு வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சோலார் வாட்டர் ஹீட்டரில் வெந்நீர் வரவில்லை என்றால் முதலில் பழி விழுவது கண்ணாடி ட்யூப் மேல்தான். ஆளைக் கூப்பிட்டால் அவரும் ட்யூபைத் துடைத்து, நாலைந்தை மாற்றி, காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் காலையில் பழையபடி அதே பச்சைத் தண்ணீர். பெரும்பாலான வீடுகளில் சூடு மாடியில் உருவாகாமல் போவதில்லை. உருவான சூடு பைப்பில் எங்கேயோ தொலைகிறது. அது எங்கே என்று கண்டுபிடித்த பிறகு ஸ்பேனரை எடுத்தால் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் பெங்களூரில் வழக்கமாக உள்ள கிராவிட்டி அமைப்புக்கு. மேலே சின்டெக்ஸ் டேங்க், அதற்குக் கீழே சோலார் டேங்க், அதோடு சேர்ந்த கண்ணாடி ட்யூப்கள் அல்லது செப்புக் குழாய் ஓடும் தட்டைப் பேனல். அழுத்தம் கொடுத்து ஓடும் பெரிய அபார்ட்மென்ட் அமைப்புகளுக்கு இது முழுதாகப் பொருந்தாது.

முதலில் மூன்று அளவு எடுங்கள்

சமையலுக்கோ மீன் தொட்டிக்கோ விற்கிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். நல்ல வெயில் அடித்த நாளாக, காலை 9 மணிக்குப் பிறகு வீட்டில் யாரும் வெந்நீர் எடுக்காத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்கு மாடியில், சோலார் டேங்க்கிலிருந்து வெந்நீர் இறங்கும் பைப்பில் முதல் அளவு. அங்கே குழாய் இல்லையென்றால், அடுத்த முறை பிளம்பர் வரும்போது அரை அங்குல பால் வால்வ் ஒன்றைப் போட்டுவிடச் சொல்லுங்கள். பின்னால் எத்தனையோ வீண் செலவை அது மிச்சப்படுத்தும். அதுவரை மேல் மாடி பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரை விட்டுவிட்டு அளக்கலாம். இரண்டாவது அளவு, நீங்கள் குளிக்கும் பாத்ரூமில் அதே நேரத்தில். மூன்றாவது, மறுநாள் காலை 6 மணிக்கு மாடியில் மறுபடியும்.

டேங்க்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து அளக்காதீர்கள். சூடான தண்ணீர் மேலே நிற்கும், அடியில் வருவது எப்போதும் குளிர்ந்ததுதான். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு சோலார் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்கள் நிறைய.

மாலையில் மாடியில் 55 டிகிரிக்கு மேல் இருந்து, பாத்ரூமில் வெதுவெதுப்புதான் என்றால் பிழை பைப்பில். மாடியிலேயே 45 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் நிழல், ட்யூப், அல்லது பச்சைத் தண்ணீர் கள்ளத்தனமாக உள்ளே ஏறுவது, இந்த மூன்றில் ஒன்று. மாலையில் நன்றாக இருந்து காலையில் 15 டிகிரி இறங்கியிருந்தால் அது இரவுக் கோளாறு. 50 மி.மீ. பியூஎஃப் (சூடு வெளியேறாமல் காக்கும் நுரை உறை) உள்ள நல்ல டேங்க்கில் ராத்திரி 5 முதல் 8 டிகிரிதான் இறங்கும். மூன்று அளவும் சரியாக இருந்தும் கடைசியில் குளிப்பவருக்குப் போதவில்லை என்றால் அது கணக்குப் பிரச்சினை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நல்ல வெயில், ஆனாலும் டேங்க்கே சூடாகவில்லை

இதில் மிக அதிகம் நடப்பதும், மிகக் குறைவாகக் கண்டுபிடிக்கப்படுவதும் ஒன்றுதான்: பச்சைத் தண்ணீர் மிக்ஸர் குழாய் வழியாக வெந்நீர் லைனுக்குள் ஏறிவிடுவது.

எப்படி என்றால், சிங்கிள் லீவர் மிக்ஸரில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே அறையில் கலக்கின்றன. லீவரைத் திறந்து வைத்துவிட்டு, அதன் முனையில் உள்ள ஹேண்ட் ஷவரையோ ஜெட் ஸ்ப்ரேயையோ மட்டும் நிறுத்தினால், வெளியே போக வழி இல்லாத தண்ணீர் உள்ளே அழுத்தம் குறைந்த பக்கம் நகரும். மேல் மாடியில் ஷவர் வேகமாக வர வேண்டும் என்று பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது உறுதியாக நடக்கும். பம்ப் ஒரு பார் அழுத்தம் கொடுக்கிறது என்றால் அது 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். சோலார் டேங்க்கிலிருந்து இறங்கும் வெந்நீருக்கு மேல் மாடியில் 3 மீட்டர் உயரம் இருந்தாலே பெரிய விஷயம். பச்சைத் தண்ணீர் ஜெயித்து, வெந்நீர் பைப்பிலேயே மேலே ஏறி சோலார் டேங்க்கின் தலைப்பகுதியில் போய் விழும். பகல் முழுக்க வெயில் சூடாக்கியதை அது கலக்கிவிடும்.

இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். மாடிக்குப் போய், மேல் டேங்க்கிலிருந்து சோலார் டேங்க்குக்குப் பச்சைத் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். கீழே வந்து வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். சோலார் டேங்க்கில் வெந்நீர் வெளியேறும் வாய் மேலே இருப்பதால், உள்ளே தண்ணீர் வராதபோது பைப்பில் இருந்தது வடிந்ததும் குழாய் நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அதுவும் குளிர்ந்து ஓடினால், அந்தத் தண்ணீர் ஏதோ ஒரு மிக்ஸர் வழியாகத் திரும்பி வருகிறது. இப்போது ஒவ்வொரு பாத்ரூமிலும் மிக்ஸருக்குக் கீழே உள்ள ஆங்கிள் காக்குகளை ஒன்றொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. வாஷிங் மெஷினுக்கும் கிச்சன் சிங்க்குக்கும் போகும் இணைப்பை விட்டுவிடாதீர்கள். சுவருக்குள் புதைத்த மிக்ஸருக்கு ஆங்கிள் காக் இருக்காது. அங்கே லீவரை முழுக்க மூடி, ஹேண்ட் ஷவரைத் திறந்து வைத்துப் பாருங்கள். சோதனை முடிந்ததும் மாடி வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

சரிசெய்ய, அந்த பாத்ரூமுக்குப் போகும் வெந்நீர் லைனில் ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வ்) போட வேண்டும். கடையில் கைக்கு வருவது ஸ்பிரிங் வைத்தது. கிராவிட்டி லைனில் இருக்கிற கொஞ்ச அழுத்தத்தையும் அந்த ஸ்பிரிங் தின்றுவிடும், வெந்நீர் நூல் மாதிரி வரும். ஸ்விங் வகையைக் கேட்டு வாங்கி, பைப் கிடையாக ஓடும் இடத்தில், அம்புக்குறி குழாயைப் பார்க்க மாட்டுங்கள். பம்ப் வைத்த வீடு என்றால், செலவானாலும் வெந்நீர் லைனுக்கும் அதே அழுத்தம் கிடைக்க ஏற்பாடு செய்வதுதான் நிரந்தரத் தீர்வு. சோலாரின் வெந்நீர் லைனில், சூட்டைத் தாங்கும் தனி பம்ப் போடலாம். எது முடியாவிட்டாலும் ஒரு பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: ஷவரை முனையில் நிறுத்தக் கூடாது, லீவரில்தான் நிறுத்த வேண்டும்.

பிளம்பரிடம் பேசும்போது ஒரு சொல்லில் கவனம் வேண்டும். கன்னடத்தில் 'தண்ணீரு' என்றால் குளிர்ந்த நீர் மட்டும்தான். பொதுவாக நீருக்கு 'நீரு', வெந்நீருக்கு 'பிசி நீரு'. நாம் 'தண்ணீர் லைனில் கோளாறு' என்று தமிழ் நினைப்பில் சொன்னால், அவர் நேரே பச்சைத் தண்ணீர் லைனைப் போய்ப் பிரிப்பார். 'பிசி நீரு லைன்' என்று சொல்லுங்கள்.

மிக்ஸர் சரி என்று தெரிந்த பிறகு ட்யூப்களுக்கு வாருங்கள். ஒவ்வொரு ட்யூபின் அடி நுனியிலும் கண்ணாடி மாதிரி வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பேரியம். உள்ளே வெற்றிடம் இருக்கும்வரை பளபளக்கும், காற்று புகுந்ததும் பால் வெள்ளையாக வெளுத்துவிடும். அடிக் கப்பைக் கழற்றி ஒவ்வொரு நுனியையும் பாருங்கள். இன்னொரு வழி, மதிய வெயிலில் ட்யூபின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்ப்பது. நல்ல ட்யூப் உள்ளே கொதித்தாலும் வெளியே சூடு தெரியாது. வெற்றிடம் போனது மட்டும் கையைச் சுடும். பத்து ட்யூபில் ஒன்று வெளுத்திருந்தால் அது உங்கள் பிரச்சினைக்குக் காரணம் இல்லை. மூன்று நான்கு வெளுத்திருந்தால் காரணம்.

தூசிக்கு அதிகம் பயப்பட வேண்டாம். மெட்ரோ வேலையோ கட்டட வேலையோ நடக்கும் தெருவில் மாதம் ஒருமுறை, மற்ற இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நிழல் வேறு கதை. 30க்கு 40 சைட்டில் ஒட்டி ஒட்டிக் கட்டும் ஊர் இது. தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாடி உயர்த்தினால் உங்கள் டிசம்பர் வெந்நீர் போய்விடும். பெங்களூரு சுமார் 13 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட சூரியன் தெற்கே 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ட்யூபின் மட்டத்துக்கு மேல் சுவர் ஒரு மீட்டர் எழுந்தால், நண்பகல் நிழல் முக்கால் மீட்டர் வரும். காலை 9 மணிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளும். இதே சுவர் மே மாதத்தில் நிழலே தராது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அதனால், வெயில் காலத்தில் நன்றாக வந்தது, மார்கழியில் மட்டும் வரவில்லை என்றால் ஏதும் கெட்டுப்போகவில்லை. டிசம்பரில் ஒரு நாள் 9, 12, 3 மணிக்கு மாடிக்குப் போய் நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, ஸ்டாண்டை நகர்த்துங்கள், அல்லது உயர்த்துங்கள். உயர்த்தும்போது மேல் டேங்க்கின் அடிமட்டம் சோலார் டேங்க்கின் தலைக்கு மேலே குறைந்தது ஒரு அடியாவது இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

உப்பு அடைத்தல்

காவிரித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் இதைத் தாண்டிப் போகலாம். வைட்ஃபீல்டு, கே.ஆர்.புரம், ராமமூர்த்தி நகர்ப் பக்கம் போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஏற்றுகிறவர்கள் நின்று படியுங்கள்.

தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெளியே வந்து படியும். 60 டிகிரியைத் தாண்டினால் வேகமாகப் படியும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் போர் தண்ணீர் 600ஐத் தொட்டால், செப்பு ரைசர் (மேலேறும் மெல்லிய குழாய்) உள்ள தட்டைப் பேனலில் குழாய்கள் மெல்ல அடைந்துவிடும். ட்யூப் வகை அகலமாக இருப்பதால் தாங்கும், ஆனால் அடியில் சேறு மாதிரி வெள்ளையாகத் தேங்கும். ஒரு ட்யூபைக் கழற்றிப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் வெள்ளைச் சேறு நின்றால் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டிய நேரம்.

ட்யூபை வெளியே எடுத்து, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரை நிரப்பி, இரவு முழுக்க நிற்க வைத்து, காலையில் அலசிவிடுங்கள். 58 மி.மீ. தடிமனும் 1800 மி.மீ. நீளமும் உள்ள ட்யூப் ஒன்றுக்கு சுமார் இரண்டே முக்கால் லிட்டர் பிடிக்கும், அதன்படி அளந்து கரையுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை டேங்க்கில் ஊற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு. விடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் உள்ள குளோரைடு எஸ்எஸ் 304 ஸ்டீல் டேங்க்கின் வெல்டிங் ஓரங்களில் ஊசித்துளை போடும். உப்பை எடுக்கப்போய் டேங்க்கையே மாற்ற வேண்டி வரும். தட்டைப் பேனலை சல்ஃபாமிக் அமிலம் சுற்றவிட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அது பழகிய ஆள் செய்யும் வேலை.

கிளாஸ் பூச்சுள்ள டேங்க் என்றால் உள்ளே ஒரு மெக்னீசியம் ராடு இருக்கும். டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்தது அது. வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதை மறந்தால் அடுத்தது டேங்க் அரிபடும்.

சாயங்காலம் கொதிக்கிறது, விடிந்தால் ஆறிப்போகிறது

யாராவது ராத்திரி எடுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கீழ் வீட்டு வாடகைக்காரர் இரவு ஷிப்ட் முடித்து வந்து குளிப்பது, மூடிய குழாயில் சொட்டுவது, புதைத்த பைப்பில் கசிவது, எல்லாம் இதே அடையாளம்தான். இரவு 10 மணிக்கு வெந்நீர் இறங்கும் வால்வை மாடியில் மூடிவிட்டு, காலை 6 மணிக்குத் திறந்து அளந்தால் தெரிந்துவிடும். சூடு அப்படியே இருந்தால் கசிவோ ஆளோ. அப்போதும் ஆறியிருந்தால் டேங்க்கிலேயே குறை.

டேங்க்கின் வெளித் தகடு மாலையில் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால், உள்ளே பியூஎஃப் நனைந்துவிட்டது. பெரும்பாலும் ட்யூப் வாயில் உள்ள ரிங் கசிந்து தண்ணீர் நுரைக்குள் இறங்கியிருக்கும். நனைந்த நுரை காயாது.

தட்டைப் பேனல் வைத்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பகலில் பேனலில் சூடான தண்ணீர் மேலேறி டேங்க்குக்குப் போவது போல, டேங்க்கின் அடி பேனலின் தலையைவிடத் தாழ்ந்திருந்தால், ராத்திரியில் சுற்று தலைகீழாகி டேங்க்கின் சூடு பேனலுக்கு வந்து வானத்தைப் பார்த்து ஆறும். இரவு 10 மணிக்குப் பேனல் கண்ணாடியைத் தொடுங்கள். வெதுவெதுப்பு இருக்கவே கூடாது. இருந்தால் டேங்க்கின் அடியை பேனல் தலைக்கு மேலே ஒரு அடி தூக்க வேண்டும்.

வெந்நீர் வருவதற்குள் இரண்டு பக்கெட் வீணாகிறது

முக்கால் அங்குல சி.பி.வி.சி. (வெந்நீருக்கான பிளாஸ்டிக்) பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு அங்குலத்தில் சுமார் 430 மில்லி. மாடியிலிருந்து தரைத்தள பாத்ரூமுக்கு 20 மீட்டர் என்றால் முக்கால் அங்குலத்தில் 5 லிட்டர், ஒரு அங்குலத்தில் எட்டரை லிட்டர். அதற்கு மேல் வீணானால் பைப் உறை போய்விட்டது என்று அர்த்தம். மாடியில் வெயிலில் கிடக்கும் கறுப்பு ரப்பர் நுரை உறை சில வருடங்களில் பொடிந்துவிடும். புதிதாகப் போடும்போது அதன் மேல் அலுமினியத் தகடோ டேப்போ சுற்றவில்லை என்றால் மறுபடி அதே கதைதான். பைப்பை மாற்றுகிறவர்கள் பெரிது போட்டால் நல்லது என்று ஒரு அங்குலம் போடுகிறார்கள். ஒரே ஒரு பாத்ரூமுக்கு அது வீண். வெள்ளை யூ.பி.வி.சி. பைப்பை வெந்நீருக்குப் போடவே கூடாது, 60 டிகிரியில் தொய்ந்துவிடும்.

வெந்நீர் நூல் மாதிரி வருகிறது, பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது

மேல் டேங்க் ஒருமுறை காலியாகி நிரம்பிய பிறகு இது தொடங்கியதா? அப்படியானால் ஏர் லாக். பைப் மேலேறி இறங்கும் வளைவில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. கீழ் மாடி பாத்ரூமில் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கும் வெந்நீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் டியூபை இறுக்கிச் செருகி, இரண்டையும் ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். பச்சைத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளி காற்றை வென்ட் (மாடியில் காற்றும் ஆவியும் போகத் திறந்து நிற்கும் பைப்) வழியாக வெளியேற்றும். வெந்நீர் லைனில் என்.ஆர்.வி. போட்டிருந்தால் இது நடக்காது, என்.ஆர்.வி.க்கு மாடிப்பக்கம் பைப்பைப் பிரித்துத்தான் காற்றை விட வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் மாடியில் அந்த மேடான வளைவைப் போக்குங்கள், அல்லது அங்கே ஒரு வென்ட் ஏற்றுங்கள்.

திடீரென்று இல்லாமல் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வந்திருந்தால் உப்பு. குழாய் முனைச் சல்லடையை முதலில் கழற்றிக் கழுவுங்கள், அடுத்து மிக்ஸர் கார்ட்ரிட்ஜ், கடைசியில்தான் பைப்.

வென்ட் பைப்பில் தண்ணீர் ஊற்றுகிறது

மேல் டேங்க் நிரம்பும்போது மட்டும் ஊற்றினால் வென்ட் உயரம் குறைவு. மேல் டேங்க்கின் நிறைமட்டத்தைவிட ஒரு அடியாவது உயரமாக நிற்க வேண்டும். பிரஷர் பம்ப் ஓடும்போது ஊற்றினால் மேலே சொன்ன மிக்ஸர் கோளாறு, அங்கே போய்ச் சரிசெய்யுங்கள். மே மாதம் ஊருக்குப் போய் வந்த பிறகு ஆவியும் தண்ணீருமாக அடித்தால் அது கொதிநிலை. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் வெளியூர் போவதாக இருந்தால் பாதி ட்யூப்களைச் சாக்கால் மூடிவிட்டுப் போங்கள்.

ஊற்றுகிறதே என்று வென்ட்டை மூடி அடைத்துவிடாதீர்கள். சூட்டில் விரியும் தண்ணீருக்கும் ஆவிக்கும் வேறு வழி கிடையாது, டேங்க் வெடிக்கும். இறங்கும் தண்ணீருக்குப் பதில் காற்று வர முடியாமல் போனால் டேங்க் தகடு உள்ளே நசுங்கும்.

பச்சைத் தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர் வருகிறது

மேல் டேங்க் காலியான அன்று இது நடந்தால் உடனே கவனியுங்கள். சோலாருக்குப் போகும் பைப்பை வீட்டுப் பச்சைத் தண்ணீர் லைனிலிருந்தே கிளை பிரித்திருக்கிறார்கள். மேல் டேங்க்கில் தண்ணீர் தீர்ந்ததும் சோலார் டேங்க் பின்வழியாக வடிந்து பச்சைத் தண்ணீர்க் குழாயில் வருகிறது. சூட்டில் கை படும் ஆபத்து ஒருபக்கம். வடிந்துபோன சோலார் டேங்க்கும் ட்யூப்களும் வெயிலில் காய்ந்திருக்க, யாரோ மதியம் மோட்டார் போட, குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய, ட்யூப்கள் வெடிப்பது இன்னொரு பக்கம். தண்ணீர் இல்லாத ட்யூப் வெயிலில் 200 டிகிரிக்கு மேல் போகும். சரிசெய்ய, மேல் டேங்க்கின் அடியிலிருந்து சோலாருக்குத் தனி வாய் எடுத்து, வீட்டு லைனின் வாயை அதைவிட நாலு அங்குலம் மேலே வையுங்கள். காலியாகும்போதும் கடைசித் தண்ணீர் சோலாருக்குத்தான் கிடைக்கும். அது முடியாவிட்டால் சோலார் நுழைவாயிலில் ஒரு ஸ்விங் என்.ஆர்.வி.

ட்யூப் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது

குரங்கு குதித்தோ, மாம்பழ மழையோடு விழும் ஆலங்கட்டியாலோ உடையும். உடனே சோலாருக்கு வரும் வால்வை மூடுங்கள். மாற்றும் வேலையை வெயில் ஏறும் முன்போ சூரியன் இறங்கிய பிறகோதான் செய்ய வேண்டும்.

கையுறையும் தடிமனான செருப்பும் போட்டுக்கொள்ளுங்கள். அடி டிரெயின் வால்வைத் திறந்து டேங்க்கை வடிய விடுங்கள். உடைந்த ட்யூபின் அடிக் கப்பைக் கழற்றி, மிச்சத்தை லேசாகத் திருகிக்கொண்டே இழுத்தால் வரும். டேங்க் வாயில் உள்ள சிலிகான் ரிங்கை விரலால் தடவிப் பாருங்கள். விறைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், ரிங்கில் சிக்கிய கண்ணாடித் துணுக்கைத் துடைத்தெடுங்கள். புது ட்யூபின் தடிமனும் நீளமும் பழையதே ஆக வேண்டும். 47 மி.மீ. இடத்தில் 58 ஏறாது.

பக்கத்து ட்யூப் ஒன்றைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால், வாயிலிருந்து சில அங்குலத்தில் உப்புக் கோடு ஒன்று வளையமாகத் தெரியும். ரிங் இத்தனை நாள் பிடித்திருந்த இடம் அது. புது ட்யூபில் அதே தூரத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். டேங்க் வாயை வெளியிலிருந்து மூடும் தூசி ரிங்கை முதலில் ட்யூபில் மாட்டி, வாய்ப்பக்கத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, திருகித் திருகி உள்ளே தள்ளுங்கள். நேராக அழுத்தினால் ரிங் உள்ளே சுருண்டுவிடும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், சிலிகான் உப்பித் தளர்ந்துவிடும். அடி நுனி கப்புக்கு மேலே வந்ததும் கப்பில் உட்கார வைத்து, கோடு ரிங்கோடு பொருந்தும்வரை கீழே இழுத்து நிறுத்துங்கள். தண்ணீரை மெதுவாகத் திறந்து, நிரம்பிய பிறகு ஒவ்வொரு வாயிலும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஏறினால் ரிங் உட்காரவில்லை, மறுபடி கழற்றி மாட்டுங்கள். விட்டுவிட்டால் அந்தச் சொட்டுதான் நுரையை நனைக்கும்.

சோலார் வைத்தும் கரண்ட் பில் குறையவில்லை

டேங்க்கில் தண்ணீரைக் கரண்டில் சூடாக்கும் 2 கிலோவாட் காயிலின் சுவிட்ச் எப்போதும் ஆனில் இருக்கிறதா பாருங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று விட்டுவைப்பவர்கள் அதிகம். காலையில் குளித்து முடித்ததும் உள்ளே வந்த பச்சைத் தண்ணீரை, சூரியன் ஏறும் முன்பே காயில் சூடாக்கிவிடும். வெயிலுக்குச் செய்ய வேலையே மிச்சமிருக்காது. ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த 1.16 வாட்-மணி வேண்டும். 100 லிட்டரை 22 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக சுமார் 4.4 யூனிட். மாதம் 30 நாள் அதைப் பெஸ்காம் கரண்ட் மீட்டரிலிருந்து எடுத்தால் 130 யூனிட்டுக்கு மேல் ஆகும்.

மப்பு மூடிய ஜூலை, ஆகஸ்ட் காலைகளில் மட்டும் போடுங்கள். 100 லிட்டரை 20 டிகிரி ஏற்ற 2 கிலோவாட் காயிலுக்கு 70 நிமிடம். அதைவிடவும் மிச்சம் வேண்டுமென்றால், சோலார் வெந்நீரைப் பாத்ரூமில் உள்ள 15 லிட்டர் கீசரின் நுழைவாயிலில் கொடுங்கள். ஏற்கெனவே 30 டிகிரியில் வரும் தண்ணீரை 45க்குத் தூக்க அந்த 15 லிட்டருக்குக் கால் யூனிட்தான் செலவு. வெயில் காலத்தில் கீசரைத் தாண்டிப் போக பைபாஸ் வால்வ் ஒன்று வேண்டும். சோலார் தண்ணீரின் சூட்டை உங்கள் கீசர் தாங்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயிலைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், உப்பு ஏறி காயில் உறை வெடித்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது. ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி இணைத்து ஓட்டச் சொல்லும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த்தும் இல்லாமல் மாடித் தொட்டியில் காயிலே கூடாது.

எல்லாம் சரி, ஆனாலும் நாலாவது ஆளுக்குப் போதவில்லை

20 லிட்டர் பக்கெட்டை 40 டிகிரிக்குக் கலக்க, 60 டிகிரி வெந்நீர் ஒன்பதரை லிட்டர் போதும். அதே வெந்நீர் 45 டிகிரியாக இருந்தால் 15 லிட்டருக்கு மேல் போகும். எடுக்க எடுக்க அடியில் பச்சைத் தண்ணீர் ஏறுவதால் 100 லிட்டர் டேங்க்கில் 80 லிட்டரைத்தான் நம்பலாம். ஆக நல்ல வெயிலில் எட்டு பக்கெட், மப்பு நாளில் ஐந்து. ஷவரில் குளித்தால் ஒரு ஆள் ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கெட்டைத் தாண்டிவிடுவார். டேங்க்கைப் பெரிதாக்க நினைத்தால் ட்யூப்களையும் கூட்ட வேண்டும், 100 லிட்டருக்கு 58 மி.மீ. ட்யூப் பத்து என்ற கணக்கில். பத்து ட்யூபை வைத்துக்கொண்டு 200 லிட்டர் டேங்க் மாட்டினால் நிறையத் தண்ணீர் கிடைக்கும், எல்லாம் வெதுவெதுப்பாக. அதற்கு முன் ஒரு வாரம் குளிக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்: இரண்டு பேர் சாயங்காலம், இரண்டு பேர் காலை. மாலை 5 மணிக்கு எடுத்த இடத்தில் ஏறும் பச்சைத் தண்ணீர் இரவெல்லாம் அடியிலேயே கிடக்கும், மேலே நிற்கும் வெந்நீர் காலையில் குளிப்பவருக்கு முதலில் வரும்.